பல்பின் மேல் பழி

அடிக்கடி பல்பு மாற்றும் வீடுகள் உண்டு. கூடத்தில் அல்ல, குளியலறையில். கடைக்காரர் மேல் சந்தேகம், கம்பெனி மேல் கோபம், வோல்டேஜ் மேல் பழி. குளியலறைக் கூரையை மட்டும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பெங்களூர் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் பார்க்க வேண்டும். வெள்ளையர் காலத்தில் இது நாக்ஸ்பேட்டை. ஏழைகளுக்காக இங்கே குடியிருப்பைத் திட்டமிட்ட பொறியாளர் மர்பியின் பெயர் பிறகு வந்தது. தமிழ் சகஜமாகப் புழங்கும் தெருக்கள். இது போன்ற பழைய பேட்டைகளில் ஒரு வீடு இரண்டாகும், மேலே மாடி ஏறும். குளியலறை கிடைத்த மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். அதன் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும்.

டிசம்பர் காலையில் வெளியே 15 டிகிரி, உள்ளே ஒரு பக்கெட் வெந்நீர். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்தான். மிச்சம் சில்லிட்ட கூரையிலும் சுவரிலும் விளக்கின் ஹோல்டருக்குள்ளும் நீராகப் படிகிறது. பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாக வீணடித்தது. அந்த வீண் வெப்பம் ஹோல்டரைக் காயவைத்தது என்பதை அது போன பிறகுதான் உணர முடிகிறது. எல்.இ.டி. சிக்கனமானது, ஆனால் அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்றுக்கு ஈரம் ஆகாது.

எனவே ஹோல்டரை எடுத்துவிட்டு, மூடிய விளக்காகப் போடுவதுதான் சரி. அட்டைப்பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்கள் இருக்கும். இரண்டாவது இலக்கம் நீரைப் பற்றியது. 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஷவருக்குப் பக்கத்தில் என்றால் 65 வேண்டும். பழைய வயரிங்கில் எர்த் ஒயர் இல்லாமல் இருப்பது சாதாரணம். அங்கே உலோக உடல் கொண்ட விளக்கு வேண்டாம், பிளாஸ்டிக் போதும். ஒயர் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மேல் விளிம்பில் சிலிக்கான் பூசலாம், அடிப்பக்கம் பூச வேண்டாம். உள்ளே சேரும் நீர் வெளியேற ஒரு வழி வேண்டும்.

சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று ஸ்டூலில் ஏறுவதில்தான் ஆபத்து. யாரோ ஒரு காலத்தில் சுவிட்சை நியூட்ரலில் கோத்திருந்தால், விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வருவது இன்னும் நல்லது. வருபவரிடம் 30 மில்லி ஆம்பியர் கசிவில் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் சொல்லலாம். ஈரக்கையோடு ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பது அதுதான், சாதாரண ஃப்யூஸ் அல்ல.

விளக்கு மாறினாலும் ஆவி போகாவிட்டால் கூரை கறுக்கும். சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். முன்பக்கம் நனைந்தால் ஆவி. பின்பக்கம் நனைந்தால் மாடிக் குழாயோ சுவரோ கசிகிறது, அதற்கு ஃபேன் உதவாது. ஆவிதான் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையை ஒட்டி வைத்து, குளித்த பிறகும் கால்மணி நேரம் ஓடவிட வேண்டும். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். உள்ளே காற்று வந்தால்தானே வெளியே தள்ள முடியும்?

குளிருக்குப் பயந்து அந்த இடைவெளியைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. கேஸ் கீசர் உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. காற்று போதாமல் எரியும் கேஸ், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கக்கும். பெங்களூரில் இப்படி நேர்ந்த சாவுகள் பலமுறை நாளிதழ்களில் வந்திருக்கின்றன. அந்த வீடுகளில் விளக்கை மாற்றும் முன் செய்ய வேண்டியது, கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வெந்நீரைக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவது.