கப்பா, தராசா?

வீட்டிலேயே கேக் செய்கிற வழக்கம் இப்போது நன்றாகப் பரவியிருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் கேக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். "மைதா 2 கப்" என்கிறார்களே, அது எந்தக் கப்?

காப்பி குடிக்கிற கப்பா என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமல்ல இது. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி லிட்டர். ஆஸ்திரேலியக் கப் 250. மேஜைக்கரண்டியோ அங்கே 15 மில்லி, இங்கே 20! இரண்டு தேசத்துக் குறிப்புகளையும் தமிழாக்கிப் போடுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் கணக்கில் கெட்டிக்காரர். ஒரு கப் 237 மில்லி என்றால் 237 கிராம்தானே என்று, மகனுடைய பிறந்தநாள் கேக்குக்கு அப்படியே மைதாவை நிறுத்துப் போட்டார். தண்ணீருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். கப்பில் மைதா 120 கிராம் அளவுதான் பிடிக்கும். சர்க்கரை 200, வெண்ணெய் 227, தேன் 340. மாவு இரண்டு பங்காகி, கேக் அம்மிக்கல்லாக வந்து சேர்ந்தது. ஆறு முட்டையும் வெண்ணெயும் போனது போகட்டும். வாசலில் வந்து நின்ற குழந்தைகளுக்கு அவசரமாகக் கேசரி கிளற வேண்டியதாயிற்று.

கப்பிலேயே அளந்திருந்தால் மட்டும் நிச்சயமா? அதுவும் இல்லை. மாவைக் கரண்டியால் மெதுவாக இட்டு மேலே வழித்தால்தான் அந்த 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை ஏறிவிடும். படியில் அரிசி அளந்த நம் பாட்டிமாருக்கு இது தெரியும். தலைதட்டி அளந்ததா, கோபுரமாக அளந்ததா என்று சண்டையே நடக்கும். 1896-ல் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபானி ஃபார்மர் அம்மையார் தம் புத்தகத்தில் தலைதட்டிய அளவையே வற்புறுத்தினார். பெரிய சீர்திருத்தந்தான். ஆனால் அமுங்கிய மாவைத் தலைதட்டி என்ன பயன்?

சாதம் குழைந்துவிட்டால் கஞ்சியாக்கிக்கொள்ளலாம். கேக் அடுப்புக்குள் போன பிறகு யாரால் என்ன செய்ய முடியும்?

இங்கிலாந்தில் ஒரு பழைய முறை உண்டு. தராசின் ஒரு தட்டில் முட்டைகளை ஓட்டோடு வைப்பார்கள். மற்றத் தட்டில் அதே எடைக்கு மாவு, பிறகு சர்க்கரை, பிறகு வெண்ணெய். கப்பும் வேண்டாம், படிக்கல்லும் வேண்டாம். முட்டை சிறிதானாலும் பெரிதானாலும் விகிதம் மாறாது. என்ன சாமர்த்தியம், பாருங்கள்!

எல்லாவற்றையும் நிறுக்கச் சொல்லவில்லை. பாலுக்குக் கப் போதும். சோடா உப்புக்குத் தேக்கரண்டியே மேல். இரண்டு மூன்று கிராம் விஷயத்தில் வீட்டுத் தராசை நம்புவதற்கில்லை. மாவையும் சர்க்கரையையும் வெண்ணெயையும் கிராமில் அச்சிடவேண்டும் என்பதே என் கட்சி.

தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். நியாயந்தான். கப் கணக்கும் கூடவே இருக்கட்டும். அது எத்தனை மில்லி பிடிக்கும் கப், மாவை எப்படி அள்ளினார்கள் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். இடம் போதவில்லை என்றால், அந்தக் கேக்கின் படத்தைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.