கையெழுத்துக்குக் காசு வாங்கினால் என்ன?

ஆசிரியருக்கு,

நடிகர்கள் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதைக் கேவலம் என்று எங்கள் தமிழ் ஆட்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மொன்றியல் கொமிக்கொன் என்ற இரசிகர் விழாவில் வில்லியம் ஷாட்னரிடம் கையெழுத்து வாங்கியவன் நான். ‘ஸ்டார் ட்ரெக்’ கப்டன் கேர்க்காக உலகம் அறிந்த அவர், 1931இல் இதே நகரில் பிறந்தவர். 1952இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். கட்டணம் மேசையிலேயே எழுதியிருந்தது. வரிசையில் நிற்கும்போதே ஒரு தொண்டர் என் நீண்ட தமிழ்ப் பெயரைக் கேட்டு, சின்ன மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்து வாங்கவிருந்த படத்தில் ஒட்டிவிட்டார். நடிகருக்கு முன்னால் நின்றது சில நொடிதான். ஆனாலும் சிறுவயதிலிருந்து சொல்ல நினைத்த நன்றியை நேரே சொன்னேன்.

சென்னை நட்சத்திரங்கள் வரும் எங்கள் கலைவிழாக்களில் இதற்கு வழியே இல்லை. அனுசரணையாளர் குடும்பங்கள் மேடையேறிப் படம் எடுக்கும். பின்வரிசைக்கு டிக்கெட் எடுத்த அம்மாமார் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். அவர்களும்தான் அந்த நடிகர்களை வளர்த்தவர்கள். விழா ஏற்பாட்டாளர்களே, நிகழ்ச்சிக்கு முன் ஒரு மணி நேரம் மேசை போட்டு, கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்து, எல்லோரையும் ஒரே வரிசையில் விடுங்கள். முதல் ஆளாக நான் வருகிறேன்.

ஒரு வாசகர்,
மொன்றியல், கனடா