நீலக் கோழி கற்பிக்கும் பாடம்

மெண்டலின் தோட்டப்பட்டாணியை நம் மாணவர்கள் கரும்பலகையிலே கண்டிருக்கிறார்களேயன்றிக் கொடியிலே கண்டவர் மிகச் சிலர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உயிரியல் பயிலும் பிள்ளை, நெட்டை மூன்று, குட்டை ஒன்று என்று மனனஞ்செய்து, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறது. அப்பாடத்தைப் பாண்டம் கோழியைக் கொண்டு கற்பித்தல் வேண்டும் என்பது என் துணிபு. நகைக்க வேண்டா.

பாண்டம் என்பது ஈண்டு மட்பாண்டமன்று. மேலைச் சாவகத்துத் துறைமுகம் ஒன்றின் பெயர். ஒல்லாந்தர் இலங்கைக் கரையை அடையுமுன்னரே வணிகஞ் செய்த துறை அது. அப்பெயர் பூண்ட இச்சிறு கோழிக்குக் கொழும்பின் ஒடுங்கிய பின்முற்றமே போதும். பட்டாணி கண்ட விதி விலங்குக்கும் பொருந்தும் என்பதை 1902ஆம் ஆண்டில் வில்லியம் பேற்சன் கோழிகளின் வழியே காட்டியதையும் ஆசிரியர்கள் நினைவுகூர வேண்டும்.

இனி, நிறத்துக்கு வருவோம். கோழி வளர்ப்போர் நீலம் என்பது உண்மையில் மழைமுகிலின் சாம்பல் நிறமே. அந்நிறத்தை விரும்புவோர் நீலச் சேவலையும் நீலப் பேட்டையும் இணைத்து, குஞ்சுகளெல்லாம் நீலமாகும் என எதிர்பார்க்கின்றனர். ஆகா! ஏறக்குறையப் பாதி நீலமாகும்; கால்வாசி கறுப்பாகும்; எஞ்சியவை வெள்ளைமேல் நீலந் தெறித்தாற்போலப் பிறக்கும். கறுப்பையும் தெறிப்பையும் கழிவென்று கறிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்விரண்டையும் இணைத்திருந்தால் பிறக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் நீலமாகவே இருந்திருக்கும்! நீலத்துக்கு ஒரு பரம்பரையலகு வேண்டும். இரண்டு சேர்ந்தால் தெறிப்பு, ஒன்றுமில்லையேல் கறுப்பு. வேண்டாமென்று தள்ளியதிலேதான் வேண்டியது இருந்தது என்பதைக் கண்ணாரக் கண்ட மாணவன் மறப்பானோ?

நிற்க. அழகொன்றையே நாடித் தெரிந்தெடுப்பதற்கு விலையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சேர் ஜோன் செபிரைட் என்பார், இறகுதோறும் கருங்கரை ஓடும் பாண்டம் இனமொன்றைப் பல்லாண்டு முயன்று உருவாக்கினார். கண்கொள்ளா அழகுதான். ஆயினும் அவ்வினத்துச் சேவலுக்கு வளைந்த வாலிறகு இல்லை. பேட்டின் இறகையே அது போர்த்திருக்கிறது. இடும் முட்டைகளும் சில. அவற்றுள்ளும் கருக்கொள்ளாதன பல. இதையும் வகுப்பிலே சொல்லத்தான் வேண்டும்.

சேவல் விடியுமுன் கூவும், வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளிலே அயலார் முறையிடுவர் என்பது நியாயமான தடையே. முற்றமுடைய ஆசிரியர் ஒருவர் இல்லத்தில் மூன்று பறவைகள் இருந்தாற் போதும்; மாணவர் முறைவைத்துச் சென்று குறிப்பெடுக்கலாம். ஆனால் ஓர் ஈட்டில் எட்டுக் குஞ்சு பொரித்தால் ஆறு நீலமாகவும் அமையலாம். ஒன்றேனும் நீலமாகாமலும் போகலாம். விகிதம் வெளிப்பட நூறு குஞ்சாவது எண்ணப்பட வேண்டும். ஆதலின் ஐந்தாறு பாடசாலைகள் ஒரே மாதிரியான பதிவேடு வைத்து, பொரித்த நாளையும் இறகு முற்றியபின் கண்ட நிறத்தையும் குறித்து, தவணை முடிவிலே கணக்கை ஒன்றுசேர்ப்பது நன்று. இறந்த குஞ்சுகளையும் அப்பதிவேட்டில் விடாது எழுத வேண்டும்.