பணிக்கும் ஒரு படம்

வீடு கட்டுமுன் படம் வரைகின்றோம். பலர் வந்து பயன்பெறும் ஒரு பணியைத் தொடங்குமுன் படம் வரைவாருண்டோ? வரைதல் வேண்டுமென 1984ஆம் ஆண்டில் ஹார்வர்ட் வர்த்தக சஞ்சிகையில் எழுதினார், வங்கித் துறையில் உயர்பதவி வகித்த லின் ஷொஸ்ராக் என்னும் அமெரிக்கப் பெண்மணி.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தெருவோரத்தில் சப்பாத்து மினுக்கும் தொழில். தூசு தட்டல், மெழுகு பூசல், மினுக்கல், கூலி பெறல் ஆகியன வாடிக்கையாளர் காணும் படிகள். இவற்றுக்கு 2 நிமிடம் போதும். 5 நிமிடம் வரை பொறுக்கலாம். இவற்றின் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழே, மெழுகு முதலியவற்றை வாங்கி வைத்தல் போன்ற, கண்ணுக்குப் புலனாகாத வேலைகள். நிறம் மாறிய மெழுகைப் பூசிவிடக்கூடும் என்பதையும், அதனைத் திருத்தும் வழியையும் அப்படத்திலேயே குறித்துவைத்தார்.

சேவை வடிவமைப்பு எனப்படும் இத்துறைக்கு 1995ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொலோன் நகரிலே பேராசிரியர் பதவியும் ஏற்பட்டது. இதிற் புகவிரும்பும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே. கந்தோரில் வரிசை நீண்டால், யன்னலருகே இருக்கும் எழுதுவினைஞரைக் கடிந்துகொள்வது உலக வழக்கம். தாமதத்தின் காரணமோ கோட்டின் கீழே, உள்ளறையில் இருத்தல் கூடும். அழகாக வரையுந் திறன் மட்டும் போதாது. பணிபுரிவோரிடமும் பயன்பெறுவோரிடமும் கேட்டறிந்து, படத்தைத் திருத்தித் திருத்தி வரைபவரே இத்தொழிலில் வளர்வர். ஆளைப் பழிக்குமுன் அமைப்பை ஆராய்தல் அவர்தம் முதற் கடன்.