ஆரவ்னா அமைதியா?

அர்ச்சனைக்குச் சீட்டு எழுதும் இடத்தில் நாங்க அடிக்கடி பார்க்கிறது இது. குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்கிறார். பாட்டிக்கு நட்சத்திரம் டக்குனு வருது, பேரன் பேர்தான் வர மாட்டேங்குது. மருமகள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாங்க.

அப்படி வரும் பேர்களில் ஒன்று ஆரவ். 2017-ல் பிக் பாஸ் தமிழ் முதல் சீசனில் ஜெயித்தவர் பேர் என்பதால் நம்ம வீடுகளுக்கும் நல்ல பழக்கம். அர்த்தம் கேட்டால் “அமைதி”னு பதில் வரும். யார் சொன்னது? கைப்பேசி!

சமஸ்கிருதத்தில் ‘ஆரவ’ என்றால் சத்தம், முழக்கம், கூவல். அமைதிக்கு நேர் எதிர். ‘ரு’ என்ற வேர்ச்சொல், ஒலி எழுப்புவது என்று பொருள். ராவணன் பேரும் அதே வேர்தான். கயிலாய மலைக்கு அடியில் நசுங்கி அலறினதால் அந்தப் பேர் வந்ததாக உத்தர காண்டம் சொல்லுது. கடைசி ‘அ’வை இந்திக்காரர்கள் விழுங்கிடுவாங்க. ராம என்பது ராம் ஆகும், கணேச என்பது கணேஷ் ஆகும். நம்ம தாத்தாக்கள் அதையே ராமன், கணேசன்னு நம்ம வாய்க்கு ஏற்ற மாதிரி மாத்திக்கிட்டாங்க. எஸ்டேட்டில் மாரிமுத்துவும் சரஸ்வதியும் ஒரே லயத்தில்தான் வளர்ந்தாங்க. அதனால வடமொழிப் பேரே கூடாதுன்னு நாங்க சொல்ல வரல. மலாயில் பேருக்கு ‘நாமா’ என்கிறோமே, அதுவே வடமொழிதான்.

எங்க வருத்தம் வேற. எண்கணிதம் பார்த்து ரெண்டு ‘எச்’, மூணு ‘ஏ’ சேர்க்கிறோம். அதிர்ஷ்டத்துக்காம்! அதிர்ஷ்டக் குன்றுன்னு பேர் வச்ச ஊரிலேயே குடியிருந்துக்கிட்டு இன்னும் எவ்வளவு வேணும்? எழுத்தைக் கூட்டிப் பார்த்த நேரத்தில் பாதியாவது பொருளைப் பார்க்கச் செலவு பண்ணலாமே. நாளைக்கு அந்தப் பிள்ளை “என் பேருக்கு என்ன அர்த்தம்?”னு கேட்கும். தப்பான அர்த்தத்தையா சொல்லிக் கொடுப்பீங்க?

ஏற்கனவே வச்சவங்க கலங்க வேண்டாம், பேரையும் மாத்த வேண்டாம். ஓசை நம்ம சமயத்தில் சின்ன விஷயமா? சீர்காழி பக்கம் திருக்கோலக்காவில், கை நோகத் தாளம் போட்டுப் பாடிய குழந்தை சம்பந்தருக்கு சிவன் பொற்றாளம் கொடுத்தார். அந்தத் தாளத்துக்கு ஓசை கொடுத்தது அம்பாள். இன்றைக்கும் அங்கே அம்பாள் திருநாமம் ஓசை கொடுத்த நாயகி. இந்தக் கதையை உங்க ஆரவுக்குச் சொல்லுங்க. பாட்டியையே சொல்லச் சொல்லுங்க, பேர் தானா வாயில் வந்துடும்.

இனிமேல் பேர் வைக்கப் போறவங்களுக்கு: பதிவிலாகாவில் 60 நாள் அவகாசம் இருக்கு. முப்பதாம் நாள் தொட்டிலுக்கு முன்னாடியே ரெண்டு மூணு பேரைத் தாளில் எழுதிக்கிட்டு கோயிலுக்கு வாங்க. குருக்களையும், தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியரையும் கேட்டுடலாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாங்க சீட்டு மேசையில்தான் இருப்போம்.