பழைய வேக ரயிலுக்கு ஓய்வு கொடுங்கள்

பிரிட்டனின் ‘இன்டர்சிட்டி 125’ ரயில்கள் 1976இல் ஓடத் தொடங்கியபோது, டீசல் ரயில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது பெரும் சாதனை. அந்த ரயில்களையே புதுப்பித்து, 2018 முதல் ஸ்காட்லாந்தின் நகரங்களுக்கு இடையே இயக்கத் தொடங்கினார்கள். பெர்த்திலிருந்து இன்வெர்னஸ் செல்லும் மலைப்பாதையில் பெரும்பகுதி ஒற்றைத் தடம். ஏற்றங்களும் வளைவுகளும் ஏராளம். அந்த ரயில்களின் உச்ச வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

பயணிகளுக்கு இந்த ரயில்கள் பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை. எஞ்சின்கள் இரு முனைகளிலும் இருப்பதால் பெட்டிக்குள் இரைச்சல் குறைவு. ஆனால், நான்கைந்து பெட்டிகளுக்காகத் தலா 2,250 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்களை ஓட்டுவது ஊதாரித்தனம்.

அதைவிடப் பெரிய கவலை உயிர்ப் பாதுகாப்பு. 2020 ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தின் கார்மாண்ட் அருகே, கனமழை தண்டவாளத்தில் அடித்துவந்து கொட்டிய சரளைக் கற்களில் மோதி இத்தகைய ரயில் ஒன்று தடம் புரண்டது. ஓட்டுநர், நடத்துநர், பயணி ஒருவர் என மூவர் மாண்டனர். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டர்தான். வடிகால் முறையாகக் கட்டப்படாததே விபத்துக்கு மூலகாரணம். ஆயினும், இக்கால மோதல் பாதுகாப்பு விதிகளின்படி கட்டிய ரயிலாக இருந்திருந்தால் பாதிப்பு குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2022இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

மெதுவாக ஓடும் பாதைதானே, பழைய பெட்டிகள் போதும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று. மாற்று ரயில்களை விரைந்து கொண்டுவந்து, இவற்றை ஸ்காட்லாந்து அரசு முழுமையாக விலக்க வேண்டும்.