மேன்முறையீட்டுக்காக விசாரணை காத்திருக்க வேண்டுமா?

மொன்றியலின் ரொக்ஸ்பரோவிலும் பக்கத்து டொலார்-டெ-ஓர்மோவின் திருமுருகன் கோயில் வட்டாரத்திலும் கோர்ட்டு வழக்குப் பற்றிப் பேச்செழுந்தால் ஒரு கருத்து தவறாமல் வரும்: “சட்டக் கேள்வி மேல் நீதிமன்றத்தில் கிடக்கிறது. அங்கே முடிவு வரட்டும், அதற்குப் பிறகு வழக்கை விளங்கலாம். அதற்குள் என்ன அவசரம்?” சில சட்டத்தரணிகளும் இதையே சொல்கிறார்கள். கேட்க நியாயமாகப்படும் இந்தக் கருத்து நான்கு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. நான்கும் ஆட்டம் கண்டவை.

முதலாவது, காத்திருப்பதால் எவருக்கும் நட்டமில்லை என்பது.

சாட்சிக் கூண்டில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். வாசலில் நின்றவர் போட்டிருந்த ஜாக்கெட் என்ன நிறம்? படிக்கட்டு விளக்கு எரிந்ததா? முதலில் கேட்டது கதவுச் சத்தமா, கத்தலா? ஆறு மாதத்தில் தெளிவாகச் சொல்லக்கூடியவர் மூன்று வருடத்தில் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தையே குறுக்கு விசாரணை பிடித்துக்கொள்ளும். தவணையைத் தள்ளிப்போடுவதும் லேசான காரியமல்ல. நீதிபதி, இரு தரப்புச் சட்டத்தரணிகள், சாட்சிகள், தமிழ் உரைபெயர்ப்பாளர் எல்லோருக்கும் ஒரே நாட்கள் ஒழிந்திருக்க வேண்டும். விட்ட தவணை அடுத்த கிழமையே திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது, பிழையான சட்ட நிலைப்பாட்டில் நடக்கும் விசாரணை வீண் என்பது.

பிழையைத் திருத்த, தீர்ப்புக்குப் பிறகு மேன்முறையீடு இருக்கிறது. அப்போது முழுச் சாட்சியமும் மேல் நீதிமன்றத்தின் முன் இருக்கும். கேள்வி வழக்கின் முடிவைப் பாதித்ததா என்பதும் தெரியும். பல கேள்விகள் அங்கே போகத் தேவையே வராது. எதிரி விடுதலையானால், தன் தரப்பு எழுப்பிய ஆட்சேபத்தை அவர் மேலே கொண்டுபோக வேண்டியதில்லை. குற்ற வழக்கைத் துண்டு துண்டாக்கி இடையிடையே மேலே அனுப்பக் கூடாது என்பது கனடாவில் பழைய விதி. கியூபெக்கிலிருந்து போன அவாஷிஷ் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது: வழக்கின் தரப்பினர் இடையில் உயர்நிலை நீதிமன்றத்திடம் போய்க் கட்டளையொன்றை ரத்துச் செய்யக் கேட்பதானால், அது அதிகார வரம்பு மீறிய பிழையாக இருக்க வேண்டும். சாதாரணச் சட்டப் பிழை போதாது.

கேள்வி முன்கூட்டியே தெரிந்தால் விசாரணை நீதிபதியே அதை முன்கூட்டித் தீர்க்கலாம். கியூபெக் மொழிச் சட்டத்தின்படி, ஆங்கிலத் தீர்ப்புடன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் உடனே வர வேண்டும் என்ற விதி 2024 ஜூனில் நடைமுறைக்கு வர இருந்தது. சைக்கிளில் சென்ற பெண் ஒருவர் இறந்த வழக்கின் ஆங்கில விசாரணை அப்போது நெருங்கியிருந்தது. கியூபெக் நீதிமன்ற நீதிபதி டெனிஸ் கலியாட்சாட்டோஸ் அந்தக் கேள்வியைத் தாமாகவே எடுத்தார். குற்ற வழக்குகளில் அந்த விதி செல்லாது என்று மே மாதமே தீர்ப்பளித்தார். கியூபெக் அரசு அதை எதிர்த்தது. எதிர்க்க உரிமையும் உண்டு. ஆனால் விசாரணை நீதிபதி முடிவெடுக்க அஞ்சி நிற்க வேண்டியதில்லை என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது.

மூன்றாவது, ஒத்திவைப்பு எதிரியைப் பாதுகாக்கிறது என்பது.

பிணையில் வெளியே இருப்பவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். விளக்கமறியலில் இருப்பவருக்குப் பொருந்தாது. அவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் நிரபராதி. நாட்கள் கழிவது சிறையில். பிணையில் இருப்பவருக்கும் ஊரடங்கு நேரம், பயணத் தடை, வேலை இழப்பு என்று சுமை நீள்கிறது.

நான்காவது, ஜோர்டான் தீர்ப்பு இருக்கிறது, தாமதம் எல்லை மீறாது என்பது.

அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் வகுத்த எல்லை, மாகாண நீதிமன்றத்தில் 18 மாதம், உயர்நிலை நீதிமன்றத்தில் 30 மாதம். எதிரி தரப்பு உண்டாக்கிய தாமதம் கழிக்கப்படும். இது தாமதத்தைத் தடுக்கும் சுவரென்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எல்லை தாண்டி, விதிவிலக்கான சூழ்நிலையையும் அரச தரப்பு காட்ட முடியாமற் போனால், வழக்கே நிறுத்தப்படும். மொன்றியல் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மனைவியைக் கொன்றதாக 2012இல் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தனபாலசிங்கம் வழக்கு, விசாரணை தொடங்குமுன்பே 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடம் அவர் தடுப்பில் இருந்தார். அதே வருடம் ஜூலையில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அரச தரப்பின் மேன்முறையீடு 2019இல் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் 2020இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அந்தத் தாமதத்துக்குக் காரணங்கள் வேறு. ஆனாலும் விளைவைப் பாருங்கள்: அவர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. இறந்த இளம்பெண்ணின் குடும்பத்துக்குப் பதிலில்லை; அவருக்கோ பழியைத் துடைக்கும் தீர்ப்பில்லை. இத்தகைய முடிவுக்கு வழிவிடக்கூடிய எல்லையைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

எந்த வழக்கையும் எப்போதும் நிறுத்தக் கூடாதென்று நான் சொல்லவில்லை. பொலிசுக்கு இரகசியமாகத் தகவல் தந்தவரின் பெயர் வெளியே வந்துவிட்டால், எந்த மேன்முறையீட்டாலும் அதைத் திரும்ப மறைக்க முடியாது. அதனால்தான் கனடாவின் சாட்சியச் சட்டம், பொதுநலன் கருதி மறைக்க வேண்டிய தகவல் பற்றிய கட்டளைகளுக்கு எதிராக இடையிலேயே மேன்முறையீடு செய்ய விடுகிறது. இயந்திரத்தனமான விதியும் மருந்தாகாது. மேல் நீதிமன்றத் தடை ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஒவ்வொரு தடைக்கும் காரணம் தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டும்.

பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிழையைத் தீர்ப்புக்குப் பிறகு திருத்த முடியுமா? முடியுமென்றால் விசாரணை நடக்கட்டும். முடியாதென்று நிரூபிக்கும் பொறுப்பு ஒத்திவைப்புக் கேட்பவருடையது. நிரூபித்தாலும் காலக்கெடுவோடும், மேல் நீதிமன்றம் அவசரமாக எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையோடும் மட்டுமே தவணை கொடுக்க வேண்டும். சட்டப் பிழையைப் பிறகு திருத்தலாம். மங்கிய சாட்சியையும் விளக்கமறியலில் கழிந்த வருடத்தையும் எந்த நீதிமன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது.